ஈட்டியும் கொக்கிக் கயிறும்: லாரா குரொப்ட்டை இருவர் விளையாட்டாக மாற்றிய 2010

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: தானும் தங்கையும் ஒரே மடிக்கணினியில் சேர்ந்து விளையாடுவதற்கு 'லாரா குரொப்ட் அண்ட் த கார்டியன் ஒஃப் லைட்' ஏற்றதா, டூம் ரெய்டர் என்ற கணினி விளையாட்டுத் தொடரில் முன்னர் வந்த எதையும் தொட்டுப் பார்க்காதவர்களுக்கு அது விளங்குமா, ரொறன்ரோவில் இருக்கும் மச்சானையும் இணையவழியே சேர்த்துக்கொள்ள முடியுமா, பெயரில் 'டூம் ரெய்டர்' என்ற சொல்லே இல்லாத ஒன்றை அந்தத் தொடரில் சேர்த்து எண்ணலாமா. முதல் இரண்டுக்கும் என் பதில் தயக்கமின்றி ஆம் என்பதே. மச்சான் விடயத்தில் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பின்னர் சொல்கிறேன். கடைசிக் கேள்விதான் உண்மையில் ஆராய வேண்டியது, ஏனெனில் பெயரைத் துறந்த இந்த விளையாட்டு, பெயரைச் சுமந்த பல விளையாட்டுகளைவிட 1996இன் மூலத்துக்கு நெருக்கமானது என்பது என் கருத்து.

தொடரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் டார்பி நகரில் இயங்கிய கோர் டிசைன் என்ற நிறுவனம் 1996இல் முதலாவது டூம் ரெய்டரை உருவாக்கியது. ஐடோஸ் அதை வெளியிட்டது. அதன் நாயகியான லாரா குரொப்ட் என்ற பாத்திரத்தை வடிவமைத்தவர் டோபி கார்ட். அந்த விளையாட்டில் துப்பாக்கிச் சண்டை இருந்தது என்றாலும் அதன் உயிர் வேறிடத்தில் இருந்தது: ஆளரவமற்ற ஒரு பெருங்கல்லறைக்குள் நின்று, எந்தக் கல்லை எங்கே தள்ளினால் எந்தக் கதவு திறக்கும், இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு ஓடிப் பாய வேண்டுமா நின்று பாய வேண்டுமா என்று கணக்குப் போடுவதில்தான் நேரம் போகும். இடம் முழுவதும் சம அளவான கட்டங்களாக அமைக்கப்பட்டிருந்ததால் அந்தக் கணக்கு எப்போதும் நேர்மையாக இருந்தது. வெற்றி கண்டதும் 2000 வரை ஆண்டுக்கு ஒன்றாக வெளியிட்டு, தொழிலாளரையும் விளையாடுபவரையும் ஒருசேரக் களைக்கச் செய்தார்கள். 2003இல் வந்த 'ஏஞ்சல் ஒஃப் டார்க்னஸ்' குறைகளோடு வெளிவந்து பெயரைக் கெடுத்துக்கொள்ள, தொடர் கோர் டிசைனின் கையை விட்டுப் போய், கலிபோர்னியாவின் கிறிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனத்திடம் சேர்ந்தது. அவர்கள் 'லெஜன்ட்' (2006), 'அனிவர்சரி' (2007), 'அண்டர்வேர்ல்ட்' (2008) என்று மூன்றைத் தந்தார்கள். மூன்றும் கண்ணுக்கு அழகானவை, ஆனால் கடைசியாக வந்தது எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2009இல் ஐடோஸ் நிறுவனத்தையே ஜப்பானின் ஸ்குவெயார் எனிக்ஸ் வாங்கிக்கொண்டது.

இந்த நிலையில் ஒரு பெரிய தொடரை வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்வது, இன்னும் பெரிதாக இன்னொன்றைக் கட்டுவது. அதுவும் நடந்தது: 2013இல் தொடரையே புதிதாகத் தொடங்கி வந்த மீள்தொடக்கம் அந்த வழியில் விளைந்ததுதான். ஆனால் அதற்கு முன்னர், அதே நிறுவனம், அண்டர்வேர்ல்டின் தொழில்நுட்பத்தையே எடுத்து, கமராவை லாராவின் தோளுக்குப் பின்னாலிருந்து பிடுங்கி உயரத்தில் சாய்வாக நிறுத்தி, கடையில் வட்டு வாங்காமல் தரவிறக்கிக்கொள்ளும் சிறிய விளையாட்டு ஒன்றைச் செய்தது. 2010 ஓகஸ்ட் 18 அன்று எக்ஸ்பொக்ஸ் 360இல் 1,200 மைக்ரோசொஃப்ட் புள்ளிகளுக்கு, அதாவது 15 டொலருக்கு வந்தது. செப்டெம்பர் 28 அன்று பிளேஸ்டேஷன் 3க்கும் கணினிக்கும் வந்தது. மைக்ரோசொஃப்ட் அந்தக் கோடையில் வாரம் ஒன்றாக வெளியிட்ட ஐந்து விளையாட்டுகளில் இது கடைசி. முதலாவது 'லிம்போ'. இடையில் வந்தவற்றில் 'காசில்வேனியா: ஹார்மனி ஒஃப் டெஸ்பெயார்' என்பதும் ஒன்று. அதுவும் பழைய தொடர் ஒன்றை ஆறு பேர் இணையத்தில் கூடி ஆடும்படி மாற்றிய முயற்சி என்பதால், ஒரே மாதத்தில் இரண்டு முதிய தொடர்கள் ஒரே மருந்தைத் தேடிப் போயின எனலாம். காசில்வேனியா செய்தது, முன்பே இருந்த அரண்மனைக்குள் ஆட்களின் தொகையைக் கூட்டியது. லாராவின் விளையாட்டு செய்தது வேறு. இரண்டு பேர் இருந்தால்தான் பொருள்படும்படி கல்லறையையே புதிதாகக் கட்டியது.

கோ-ஒப், அதாவது சேர்ந்து ஆடுவது, என்ற பெயரில் வரும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை, ஒருவருக்குக் கொடுத்த துப்பாக்கியை இருவருக்கும் கொடுத்து, எதிரிகளின் தொகையை இரட்டிப்பதோடு நின்றுவிடுகின்றன. இங்கே லாராவிடமும் அவளது துணைவனான டோட்டெக்கிடமும் இருப்பவை வெவ்வேறு கருவிகள், அவற்றின் அழகு என்னவென்றால் ஒவ்வொரு கருவியும் அதை வைத்திருப்பவரைவிட மற்றவருக்கே அதிகம் பயன்படுகிறது. டோட்டெக் ஈட்டியை எறிந்தால் அது சுவரில் குத்தி நிற்கும். அந்த ஈட்டியின் மேல் லாரா பாய்ந்து ஏறலாம், ஆனால் எறிந்தவனோ அதில் ஏற முடியாத அளவு பாரமானவன். அவன் கேடயத்தைத் தலைக்கு மேல் பிடித்தால் அம்புகள் தடைப்படும், அதே கேடயத்தின் மேல் லாரா ஏறி நின்று உயரமான விளிம்பைப் பிடிக்கலாம். லாராவிடம் கொக்கிக் கயிறு உண்டு. அவள் அக்கரையில் இருக்கும் வளையத்தில் கொக்கியை மாட்டிக் கயிற்றை இறுக்கிப் பிடித்தால் அதன் மேல் டோட்டெக் நடந்து கடப்பான். மேலே ஏறிவிட்ட லாரா கீழே நிற்பவனைக் கயிற்றால் இழுத்தும் எடுக்கலாம். ஆகவே ஒரு மதிலைத் தாண்ட வேண்டும் என்றால், முதலில் அவன் அவளை ஏற்ற வேண்டும், பின்னர் அவள் அவனை இழுக்க வேண்டும். ஒருவர் தன் கெட்டித்தனத்தால் மற்றவரை விட்டுவிட்டு முன்னே போக வழியே இல்லை.

எங்கள் கிளித்தட்டை நினைத்துக்கொண்டால் இது உடனே பிடிபடும். குறுக்குக் கோட்டில் நிற்பவர் தன் கோட்டை விட்டு அசைய முடியாது, கிளி மட்டும் நடுக்கோட்டிலும் சுற்றுக் கோட்டிலும் ஓடலாம். உரிமைகள் சமமாக இல்லை என்பதால்தான் அங்கே ஒருவரோடு ஒருவர் கதைத்து ஆட வேண்டியிருக்கிறது. அண்ணனும் தங்கையும் ஒரே மடிக்கணினியின் முன்னால் இருந்து, "ஈட்டியை இன்னும் கொஞ்சம் மேலே எறியுங்கோ", "கயிற்றை விடாதை, நான் நடுவிலை நிக்கிறன்" என்று சத்தம் போடாமல் இந்த விளையாட்டின் ஓர் அறையையும் கடக்க முடியாது. ஒரு கோ-ஒப் விளையாட்டின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

2009இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 5' என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். அதுவும் முதிய தொடர், அதுவும் கோ-ஒப்பை நம்பித் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அங்கே சேர்ந்து போராடும் கிறிஸும் ஷேவாவும் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். தனியாக விளையாடினால் ஷேவாவைக் கணினி இயக்கும், அது தோட்டாவையும் மருந்தையும் தேவையற்ற இடத்தில் செலவழித்து ஆத்திரமூட்டும். கிறிஸ்டல் டைனமிக்ஸ் இந்தப் பொறியில் விழவில்லை. தனியாக விளையாடும்போது டோட்டெக் தன் ஈட்டியை லாராவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வராமல் போய்விடுகிறான். இரண்டு கருவிகளும் ஒருவர் கையில் வந்துவிடுவதால், அறைகளையும் அதற்கேற்ப மாற்றி அமைத்திருக்கிறார்கள்: இருவருக்கு இருந்த சில தடைகள் அகற்றப்பட்டிருக்கும், சில புதிர்களுக்கு வேறு விடை இருக்கும். ஒரே விளையாட்டை இரண்டு முறை கட்டுவது செலவு மிகுந்த வேலை. அதை ஒரு சிறிய தரவிறக்க விளையாட்டுக்காகச் செய்திருக்கிறார்கள் என்பது இன்றைக்கும் என்னை வியக்க வைக்கிறது.

கமராவின் இட மாற்றம் வெறும் அழகியல் மாற்றமன்று. தோளுக்குப் பின்னால் கமரா இருந்தால் இரண்டு பேருக்குத் திரையை இரண்டாகப் பிளக்க வேண்டும். சாய்வான உயரத்தில் அது நிலையாக நின்றால் இருவரும் ஒரே திரையில் இருக்கலாம், பொறி எங்கே, கதவு எங்கே, துணை எங்கே என்பதெல்லாம் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். புதிரை இருவரும் சேர்ந்து நோக்க முடிகிறது. ஓர் உருண்டைக் கல்லை உருட்டிப் பள்ளத்தில் சேர்க்க வேண்டும், அது தானாக ஏறாத இடத்தில் பக்கத்தில் குண்டு வைத்து வெடிக்கச் செய்து எற்ற வேண்டும் என்ற வகைப் புதிர்கள்தான் பெரும்பான்மை. குண்டு நாமே வைத்து நாமே வெடிக்கச் செய்வது, ஆகவே தப்பாகக் கணித்தால் தங்கையும் சேர்ந்து பறப்பாள். 1996இன் கட்டக் கணக்கு இந்த இடத்தில் திரும்பி வருகிறது: தூரம், உயரம், நேரம் மூன்றும் கண்ணுக்கு முன்னால் கிடக்கின்றன, மறைக்கப்பட்டது எதுவும் இல்லை. லெஜன்டும் அண்டர்வேர்ல்டும் காட்சியின் பிரமாண்டத்தை நாடிப்போன வேளையில் பின்தங்கியது இந்தத் தெளிவுதான். இதனால்தான் இதைத் தொடரின் பகுதி என்று மட்டுமல்ல, தொடரின் நடுப்பகுதி என்றே சொல்லத் துணிகிறேன். லாராவுக்குக் குரல் கொடுத்த கீலி ஹாவ்ஸும் லெஜன்ட் முதல் அதே குரலோடு இதிலும் தொடர்கிறார். டோட்டெக்கின் கனத்த குரல் ஜிம் கமிங்ஸுடையது.

சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையில் பிடிக்கும் கேம்பாட்டின் ஒரு குச்சியால் நடந்து மறு குச்சியால் குறி பார்த்துச் சுடும் பழைய ஆர்கேட் முறை. லாராவின் கைத்துப்பாக்கிகளுக்குத் தோட்டா தீராது, மற்ற ஆயுதங்கள் எல்லாம் ஒரே தோட்டா இருப்பைப் பகிர்ந்துகொள்ளும். அடி வாங்காமல் எதிரிகளை வீழ்த்திக்கொண்டிருந்தால் அணிந்திருக்கும் தொல்பொருளின் சக்தி நிரம்பும், அடி விழுந்தால் வடிந்துபோகும். ஆனால் புள்ளிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிதறும் இரத்தினங்களை யார் பொறுக்குகிறாரோ அவருக்கே புள்ளி, கட்டம், அதாவது விளையாட்டின் ஒரு பிரிவு, முடியும்போது இருவரின் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் காட்டப்படும். மதிலில் கைகொடுத்து ஏற்றிவிட்டவரே அடுத்த நிமிடம் நம் முன்னால் ஓடி இரத்தினத்தை அள்ளிக்கொண்டு போவார். வீட்டில் சகோதரங்கள் விளையாடும்போது இதனால் வரும் சச்சரவு, விளையாட்டின் சுவையில் பாதி.

கதை மெல்லியது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் சொலோட்டல் என்ற கொடியவன் 'புகைக் கண்ணாடி' என்ற கருவியால் அரக்கர் படையை அவிழ்த்துவிட, டோட்டெக் அவனை அதே கண்ணாடிக்குள் அடைத்துக் காவலாக நின்றான். மத்திய அமெரிக்கக் காட்டில் இருக்கும் அந்தக் கோயிலுக்கு லாரா வர, அவளைத் தொடர்ந்து வந்த கூலிப்படை கண்ணாடியைப் பறிக்க, சொலோட்டல் வெளியேற, டோட்டெக் விழித்தெழ, விடிவதற்குள் சொலோட்டலைப் பிடித்து அடைக்க வேண்டும். அவ்வளவுதான். டோட்டெக்கை மாயா வீரன் என்று விளையாட்டு சொல்கிறது. ஆனால் சொலோட்டல், சிப்பே டோட்டெக், புகையும் கண்ணாடியைத் தன் அடையாளமாகக் கொண்ட தெஸ்கட்லிபோக்கா எல்லோரும் அஸ்டெக் மக்களின் தெய்வங்கள். வரலாறு படிக்கும் தங்கை அருகில் இருந்தால் இந்தக் குழப்படியை அவள் சுட்டிக்காட்டுவது நிச்சயம். லாராவின் முன்கதை எதையும் அறிந்திருக்க வேண்டிய தேவையே இல்லாதபடி கதை தனித்து நிற்பதால், முதன்முதலில் தொடருக்குள் நுழைபவருக்கு இதுவே இலகுவான வாசல்.

குறைகளும் உண்டு. சாய்வான பார்வையில் ஆழம் சில இடங்களில் ஏமாற்றும், விளிம்பு இங்கே இருக்கிறது என்று பாய்ந்தால் ஒரு சாண் தள்ளி இருக்கும். இருவரும் ஒரே திரையில் கட்டுண்டிருப்பதால் ஒருவர் ஓட நினைக்கும்போது மற்றவர் பின்னிழுப்பார். கதைக் காட்சிகள் அசையும் சித்திரக்கதை போலச் செய்யப்பட்டிருப்பது, செலவைச் சுருக்கியதை மறைக்கவில்லை. பின்னர் காசு கொடுத்து வாங்கும்படி வந்த மேலதிகக் கட்டங்களைத் தவறவிட்டாலும் நட்டமில்லை. இதே நிறுவனத்தின் பழைய தொடரிலிருந்து கெய்ன், ரசியேல் என்ற பாத்திரங்களைக் கொண்டுவந்து லாரா, டோட்டெக்கின் இடத்தில் நிறுத்தும் பொதி ஒன்று மட்டும் பழைய இரசிகர்களுக்கு இனிக்கும்.

இனி மச்சான் விடயம். கார்டியன் ஒஃப் லைட்டில் இருவருக்கு மேல் விளையாட முடியாது. ஆகவே தங்கையோடு ஒரே திரையில் இருந்தால் ரொறன்ரோவுக்கு இடமில்லை. மூன்று பேரும் சேர வேண்டும் என்றால் 2014 டிசெம்பரில் வந்த 'லாரா குரொப்ட் அண்ட் த டெம்பிள் ஒஃப் ஒசிரிஸ்' இருக்கிறது. எகிப்தில் நடக்கும் அதில் லாரா, காட்டர் பெல், ஐசிஸ், ஹோரஸ் என்று நால்வர். மனிதர் இருவரிடமும் கொக்கிக் கயிறும், தெய்வங்கள் இருவரிடமும் கோலும் இருக்கும். எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்பதற்கேற்பப் புதிர்கள் மாறும். நான்கு பேர் ஒரு சிறு அறைக்குள் குண்டு வைக்கும்போது சிரிப்பு அதிகம், சிந்தனை குறைவு. ஒரே கருவி இருவரிடம் இருப்பதால், 'நீ இல்லாமல் நான் இல்லை' என்ற இறுக்கமும் தளர்ந்துவிடுகிறது. என் தெரிவு முதலாவதுதான்.

மச்சானும் நீங்களும் மட்டும் இணையத்தில் ஆடுவதானால், கணினிப் பதிப்பில் இணையவழி ஆட்டம் வெளியீட்டு நாளில் இல்லாமல் பின்னர் திருத்தமாகச் சேர்க்கப்பட்டது, இப்போது உண்டு. அது சரிவரவில்லை என்றால் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தின் 'ரிமோட் பிளே டுகெதர்' வசதி, ஒரே திரையில் ஆடும் விளையாட்டுகளை அப்படியே இணையத்தில் அனுப்பும். விளையாட்டை ஒருவர் வாங்கியிருந்தால் போதும், ஆனால் அவரது கணினியிலிருந்து படம் தொடர்ந்து மேலேற்றப்பட வேண்டும். எங்கள் பக்கத்து இணைப்புகளில் தரவிறக்க வேகத்தைவிடப் பதிவேற்ற வேகம் பெரும்பாலும் குறைவாக இருப்பதால், விளையாட்டை மச்சானின் கணினியில் இயக்கி, நீங்கள் விருந்தாளியாகச் சேர்வது நல்லது. அப்போதும் ஒரு தாமதத்தைத் தவிர்க்க முடியாது. யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர்தான் ஓடும் என்பதால், போய்த் திரும்ப 130 மில்லிசெக்கனாவது ஆகும், கேபிள் வளைந்து செல்லும் உண்மை வழியில் இன்னும் அதிகம். ஈட்டி எறிவதற்கு அது தாங்கும். இடிந்து விழும் பாலத்தில் ஓடும்போது தாங்காது. ஆகவே டோட்டெக்கின் பங்கை எடுத்துக்கொண்டு, ஈட்டி எறியும் வேலையை நீங்கள் பார்ப்பது புத்தி.

வீட்டில் ஆடுவதற்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 2010இல் செய்த விளையாட்டு என்பதால் அலுவலக வேலைக்கு வாங்கிய சாதாரண மடிக்கணினியும் பெரும்பாலும் இயக்கும். ஸ்டீமில் ஒருமுறை இறக்கி, உள்நுழைந்து திறந்து வைத்துவிட்டால், இணைப்பு இல்லாத நேரத்திலும் ஓஃப்லைனில் ஆடலாம். மின்சாரம் போனால் பற்றரியில் சிறிது நேரம் தொடரலாம், திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கேம்பாட் ஒன்றாவது வேண்டும், ஒருவர் அதையும் மற்றவர் கீபோர்ட்டையும் மவுஸையும் எடுத்துக்கொள்ளலாம். குறி பார்ப்பதில் மவுஸ் வைத்திருப்பவருக்குச் சற்று அனுகூலம் இருப்பதால், இரத்தினக் கணக்கில் அவர் மேலே வந்தால் அதற்குக் காரணம் திறமை மட்டுமல்ல என்பதைத் தங்கைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவி வைத்திருப்பவர்களுக்கு 2023 ஜூனில் ஃபெரல் இன்டரக்டிவ் நிறுவனம் இந்த இரண்டு விளையாட்டுகளையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தது.

மொத்தம் 14 கட்டங்கள். முதலில் இருவருமாக முடியுங்கள், தனியாக ஆடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தனியாட்டத்தில் ஈட்டியும் கயிறும் ஒரே கையில் இருப்பதால், அதை முதலில் ஆடியவருக்கு இருவர் ஆட்டத்தின் புதிர்கள் பாதி விடையோடுதான் வரும். சில கட்டங்கள் போனதும் பாத்திரங்களை மாற்றிக்கொள்ளுங்கள். எப்போதும் ஈட்டி எறிந்துகொண்டே இருப்பவருக்கு, அந்த ஈட்டியில் ஏறி நிற்பது எவ்வளவு வழுக்கும் வேலை என்று தெரியாது.